கைநாட்டு விளக்கு

மருத்துவமனைப் பதிவு முகப்பில் என் கட்டைவிரலை நான்காவது முறையாக வைத்தேன். அடையாள அட்டையில் இருக்கும் ரேகையும் விரலில் இருக்கும் ரேகையும் ஒன்றுதானா என்று பார்க்கும் சின்னப் பெட்டி அது. நான்காவது முறையும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"சுபா லாகி செகாலி, காக்," என்றாள் முகப்பிலிருந்த மலாய்ப் பெண். இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள் அக்கா என்று அர்த்தம். ஈரத்தாள் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். வலது கை, இடது கை இரண்டையும் பார்த்தாயிற்று. கடைசியில் என் விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் "டா ஹிலாங்" என்றாள். போய்விட்டது என்று பொருள். ரேகையைச் சொல்கிறாளா ஆளையே சொல்கிறாளா என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, கையெழுத்துப் போடுங்கள் என்று பாரத்தை நீட்டினாள். பேனாவை இறுக்கியதும் ஆள்காட்டி விரலில் இருந்த வெடிப்பு திறந்துகொண்டது. பேனா கீழே விழுந்தது. ஸ்கூடாயில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். "இங்க போடுங்க, இங்கயும் போடுங்க" என்று எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். அன்று எனக்குக் கையெழுத்தும் வரவில்லை, கைநாட்டும் விழவில்லை.

என்னோடு வந்திருந்த சரசு அக்கா குனிந்து பேனாவை எடுத்தார். அதை என் விரல்களுக்கிடையே வைத்து, மேலே தன் கையால் பிடித்துக்கொண்டார். கோழி கிறுக்கியது போல ஒரு பெயர் பாரத்தில் விழுந்தது.

சரசு அக்கா என் கணவர் குமரனின் மூத்த சகோதரி. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பிறகு மூவாரில் ஒரு நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தார். அங்கே ரம்பம் அவருடைய வலது கட்டைவிரலைக் குறுக்காகக் கிழித்த தழும்பு இன்றும் உண்டு. கல்யாணமான புதிதில் ஏதோ பாத்திரச் சண்டையில் நான் குமரனிடம், "ஒரு கைநாட்டுக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா?" என்று கேட்டேன். அடுப்படியில் நின்ற அக்காவின் காதில் அது விழுந்தது. விழவேண்டும் என்றுதான் நானும் சத்தமாகச் சொன்னேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நோய் வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு நோய் வந்தபோது நான் எப்படிப்பட்டவளாக இருந்தேனோ அப்படியேதான் இருந்தேன்.

ஆரம்பம் கழிப்பறையில். ஆறு மாதமாக இரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் அம்மாவுக்கும் இருந்தது, அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இருந்தது. கருணைக்கிழங்கு சாப்பிட்டேன். மிளகாயைக் குறைத்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றால் அது இதுதான்: மூலமா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

பெருங்குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். எடுத்த பிறகு, கல்லீரலிலும் மூன்று இடத்தில் இருக்கிறது என்றார்கள். நான்காம் நிலை (தொடங்கிய உறுப்பை விட்டு வேறு உறுப்புக்கும் பரவிய நிலை). எனக்கு முப்பத்தெட்டு வயது. யாழினிக்கு ஐந்து, கவினுக்கு மூன்று. சரசு அக்கா மூவாரிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டார்.

என் மருத்துவர் இளைஞர், தமிழர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல செய்தி என்றால் தமிழில் சொல்வார். கெட்ட செய்தி என்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அவர் வாய் திறந்து முதல் சொல் வருவதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். கல்லீரல் ஆங்கிலத்தில் வந்தது. சில மாதம் ஊசி வழி மருந்து ஏற்றி, கட்டிகள் சுருங்கிய பிறகு, "இனிமே மாத்திரை மட்டும் போதும், வீட்லயே சாப்பிடலாம்," என்பது தமிழில் வந்தது.

அந்த மாத்திரை கேப்சிடபின் (புற்றணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் வேதி மருந்து). பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ஏழு நாள் ஓய்வு. எங்கள் வீட்டில் திங்கள் செவ்வாய் எல்லாம் போய், 'மாத்திரை ஒன்பதாம் நாள்', 'ஓய்வு இரண்டாம் நாள்' என்று ஆனது. மூன்றாம் சுற்றில் உள்ளங்கையும் பாதமும் சிவந்தன. பிறகு உரிந்தன, வெடித்தன. இதற்குக் கை கால் தோல் பாதிப்பு (மருந்து நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து தோலைப் புண்ணாக்குவது) என்று பெயர். களிம்பு கொடுத்தார்கள், கையுறை போடச் சொன்னார்கள். விரல் ரேகை அழியும் என்று யாரும் சொல்லவில்லை. உயிர் போகிற விஷயத்தில் ரேகையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் எனக்கு ரேகை தேவைப்பட்டது.

யாழினிக்கு இரண்டு வயதானதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் ஒரு விளக்கு செய்வோம். ஏற்றுகிற விளக்கு அல்ல, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளும் விளக்கு. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, பிசைகிற அளவுக்குத் தண்ணீர். அகல் மாதிரி பிடித்து, விளிம்பில் வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு இடத்தில் கட்டைவிரலை அழுத்துவோம். அடியில் வருடத்தைக் கீறி, கேக் சுடும் அடுப்பில் குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம் காயவைப்போம். உப்பு இருப்பதால் எறும்பு வராது. ஆனால் எங்கள் ஜொகூரின் ஈரக் காற்றுக்கு உப்பு வியர்க்கும். மழைக்காலத்தில் விளக்கின் மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். மெருகு பூசினால் நின்றுவிடும். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் செய்து பாருங்கள். மெருகை மறக்காதீர்கள்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அப்படி நான்கு விளக்குகள் அப்போது வரிசையாக இருந்தன. முதல் விளக்கில் யாழினியின் விரல் ஒரு பச்சைப்பட்டாணி அளவு. வருடா வருடம் அவள் விரல் பெரிதாகிறது. என்னுடையதும் குமரனுடையதும் அப்படியே இருக்கின்றன. நான்காம் நிலை என்று கேட்ட அன்று நான் நினைத்தது இந்த அலமாரியைத்தான். எத்தனை விளக்கு கிடைக்குமோ அத்தனையிலும் என் விரல் விழுந்துவிட வேண்டும். பெரிய ஆசைகளுக்கு வயது பத்தாது என்பதால் சின்ன ஆசையாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு குமரனின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்தார். முகப்பில் நடந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அலமாக்! ரேகையே அழிஞ்சி போச்சே. ஆயுசு எல்லாம் ரேகையிலதானே இருக்கு," என்றார்.

ஆயுள் ரேகை உள்ளங்கையில் இருப்பது. அது எனக்கு அப்படியேதான் இருக்கிறது. மருந்து அழித்தது விரல் நுனியில் இருக்கிற ரேகையை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். இது அந்தப் பெண்மணிக்கும் தெரியாதது அல்ல, வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த யாழினிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் தன் விளையாட்டுப் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து என் கட்டைவிரலைப் பார்த்தாள். "இல்லம்மா," என்றாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். ஏன் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தேன்.

விளக்கு செய்கிற நாளில் மாவை நானே பிசைவேன் என்று அடம் பிடித்தேன். அக்கா கையுறையை நீட்டினார். நான் வாங்கவில்லை. வெடித்த கையில் உப்பு இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, விடாமல் பிசைந்தேன். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று பெருமையாக எழுதலாம். உண்மை வேறு. அக்கா பிசைந்தால் அது அக்காவின் விளக்காகிவிடும் என்று எனக்குப் பொறாமை.

குமரன் அழுத்தினார். யாழினி, கவின் அழுத்தினார்கள். கடைசியாக நான். விரலை எடுத்ததும் மாவில் ஒரு குழி இருந்தது. கரண்டிக் காம்பால் அழுத்தியது போல வழவழப்பான குழி. மூவரின் கோடுகளுக்கு நடுவே அது மட்டும் மொட்டையாக இருந்தது.

"அம்மா விரல் செத்துப் போச்சா?" என்றான் கவின்.

யாழினி அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. மூச்சு நின்று நின்று வந்தது. "ரேகை இல்லன்னா ஆயுசு இல்லன்னு அவங்க சொன்னாங்க," என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். எனக்கு அவளைத் தூக்கக் கைகள் ஒத்துழைக்கவில்லை. அக்காதான் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் யாழினி சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, நீங்க தூங்கும்போது கோடு வந்துருச்சு!" அடுப்பிலிருந்து எடுத்த விளக்கைக் குமரன் தூக்கிக் காட்டினார். என் இடத்தில் மங்கலாக ஏதோ கோடுகள் தெரிந்தன. காயும்போது மாவு சுருங்கி விழுந்த சுருக்கம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைக்கு நிம்மதி வந்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி முடிந்து, நான் மாத்திரையில் இருந்த ஒரு மதியம் யாழினி விளக்கையும் பூதக்கண்ணாடியையும் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள். "விளக்குல இருக்கு, உங்க கையில ஏன் இல்ல?" என்றாள். நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சுருக்கம் இல்லை. தெளிவான ரேகை. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுக் கோடு.

மூவார் ரம்பத்தின் கோடு.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி இல்லவே இல்லை. கூடத்துக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். "என் பிள்ளைங்களுக்கு என்னோட இடத்துல உங்க ரேகையா? நான் இன்னும் சாகல. ஒரு கைநாட்டு, அதை வைக்கிறதுக்கு என் வீடுதான் கெடைச்சுதா?" என்று கத்தினேன். விளக்கைத் தரையில் அடித்தேன். நாலா பக்கமும் சிதறியது. கவின் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினான். யாழினி தட்டவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றாள்.

அக்கா துணியைக் கீழே வைத்தார். "நான் கைநாட்டுதாம்மா," என்றார். "அதான் வச்சேன். புள்ள மூச்சு இழுத்துச்சு. வேற என்னா தெரியும் எனக்கு?"

பிறகு துடைப்பத்தை எடுத்துத் துண்டுகளைக் கூட்டினார். அன்று இரவே மூவாருக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. அடுத்த வேளை மாத்திரையை வழக்கம்போல் தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அலமாரியில் அந்த வருடத்துக்கு விளக்கு இல்லை. அந்த இடத்தை யாழினி காலியாகவே விட்டு வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் மாத்திரை ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். மருத்துவர் ஒவ்வொரு முறையும் தமிழில் பேசினார். யாழினி ஒவ்வொரு காலையும் பார்த்து, "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ரேகை வேறு, ஆயுள் வேறு என்று பலமுறை விளக்கினேன். தலையாட்டுவாள். மறுநாள் கண்ணாடியோடு வருவாள். பெரியவர் ஒருவர் ஒரு முறை சொன்னதை அம்மா நூறு முறை மறுத்தாலும் அழிக்க முடியாது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இந்த வருடத் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஸ்கேன் முடிவுக்குப் போனோம். மருத்துவர் கோப்பைத் திறந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐ அம் அஃப்ரெய்ட்..." என்று தொடங்கினார். மீதியை நான் கேட்டேன், ஆனால் தேவைப்படவில்லை. மாத்திரை இனி வேலை செய்யவில்லை. கல்லீரலில் மூன்று இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியாத அளவு இருக்கின்றன. மாத்திரையை இன்றோடு நிறுத்துகிறோம், உடம்பு தேறியதும் வேறு மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்.

வெளியே நடைபாதையில் அக்கா கேட்டார். "என்னா சொன்னாரு?"

"மாத்திரைய நிறுத்தியாச்சு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "நிறுத்தியாச்சா? அப்பாடா! கை ஆறிடும்லா," என்றார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, தன் தழும்பு விரலால் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அழித்தது நான்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் சொன்னது பலித்தது. கை ஆறியது. இரண்டாம் வாரம் புதுத் தோல் வந்தது. மூன்றாம் வாரம் சமையலறையில் கைப்பேசியைத் தற்செயலாகத் தொட்டேன், திறந்துகொண்டது. ஒரு வருடத்துக்கு மேலாக என் விரலை அடையாளம் தெரியாதது போல் இருந்த கருவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மருந்து என் உடம்பை விட்டுப் போய்விட்டது என்பதற்கு என்னிடம் இருந்த முதல் அத்தாட்சி அது.

அடுத்த நாள் காலை யாழினி கண்ணாடியோடு வந்தாள். விரலை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் பிடித்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா! இருக்கு! கோடு இருக்கு!"

வீடு முழுக்க ஓடினாள். தம்பியை எழுப்பினாள், அப்பாவை எழுப்பினாள். "அம்மாவுக்கு ரேகை வந்துருச்சு, அம்மா சாக மாட்டாங்க!" குமரன் அவளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "இனிமே மாத்திரை வேணாந்தானே?" என்று அவள் கேட்டாள்.

"வேணாம்," என்றேன். அது பொய் இல்லை.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று மருத்துவமனை ஆலோசகர் சொன்னார். இதைப் படிக்கிற நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் செய்ததைச் சரி என்று இங்கே எழுதவில்லை. ஒரு வருடம் 'இல்லம்மா' என்று சொல்லிப் பள்ளிக்குப் போன பிள்ளை ஒரு நாள் 'இருக்கு' என்று கத்தும்போது, இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் விளக்கு செய்தோம். மாவை அக்கா பிசைந்தார், நானே கேட்டுக்கொண்டேன். குமரன், யாழினி, கவின் அழுத்திய பிறகு நான் அழுத்தினேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது. இந்த ஐந்து விளக்குகளில் இதுதான் மிகத் தெளிவான ரேகை.

"அத்தை, இந்த வாட்டி நீங்க வைக்க வேணாம்," என்றாள் யாழினி. குழந்தை நல்ல மனதோடுதான் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் கை கழுவப் போனதும் நான் அக்காவிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் என் எடத்துல நீங்க வைங்க, அக்கா."

"பேசாம இரும்மா."

"வைங்க. ஆனா நல்லா அமுக்கி வைங்க. அந்தத் தழும்பு தெரியணும். யார் வச்சாங்கன்னு அவளுக்குத் தெரியணும்."

அக்கா மாவு ஒட்டிய என் கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்துவிட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு சொன்ன சொல்லுக்கும் போன வருடம் சொன்ன சொல்லுக்கும் நான் கேட்ட மன்னிப்பு இவ்வளவுதான். போதாது என்று எனக்குத் தெரியும்.

நாளை புது மருந்து தொடங்குகிறது. பதினான்கும் ஏழும் போய், இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதன் பக்கவிளைவுகளை மருத்துவர் வரிசையாகச் சொன்னார். வயிற்றுப்போக்கு வரும், முடி உதிரும். எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டாக்டர், இதுல ரேகை அழியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லக்கா," என்றார், தமிழில். "இந்த மருந்து ரேகையை ஒண்ணும் செய்யாது."

இன்று காலையும் யாழினி கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். "இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் பள்ளி வேனுக்கு ஓடினாள். என் உடம்பில் இப்போது ஒழுங்காக வளர்வது அந்தக் கோடுகள் மட்டும்தான். அவள் கணக்குப்படி, நான் கடைசி நாள் வரைக்கும் நன்றாகவே இருப்பேன்.